தேவை முந்தியதா, மாற்றம் முந்தியதா?

1798இல் நெப்போலியன் எகிப்தின் மீது படையெடுத்தபோது, பீரங்கிகளோடு ஓர் அறிஞர் குழுவையும் கப்பலேற்றிக் கொண்டுபோனார். அந்தக் குழுவில் இருந்த விலங்கியலாளர் எத்தியேன் ழொஃப்ருவா, திரும்பி வரும்போது பழைய கல்லறைகளிலிருந்து எடுத்த பதப்படுத்திய உடல்களைப் பாரிசுக்குக் கொண்டுவந்தார். அவற்றில் விலங்குகளும் இருந்தன. குறிப்பாக அரிவாள் மூக்கன் பறவைகள். நம் ஏரிகளில் இறங்கும் வெள்ளை அரிவாள் மூக்கனுக்கு அது நெருங்கிய உறவு. எகிப்தியர் அதைத் தோத் என்னும் கடவுளுக்கு உரிய பறவையாகக் கருதி, லட்சக்கணக்கில் துணி சுற்றிப் புதைத்திருந்தார்கள்.

பாரிஸ் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் ஜார்ஜ் கூவியே அந்தத் துணியைப் பிரித்தார். உள்ளேயிருந்த எலும்புகளை உயிரோடு உலவும் பறவையின் எலும்புகளோடு வைத்து அளந்து பார்த்தார். சொல்லிக்கொள்ளும்படி எந்த வேறுபாடும் இல்லை. இரண்டாயிரம், மூவாயிரம் ஆண்டுகளாகியும் ஓர் எலும்புகூட மாறவில்லையென்றால், உயிரினங்கள் காலப்போக்கில் வேறொன்றாக மாறுகின்றன என்ற பேச்சுக்கே இடமில்லை என்பது அவர் முடிவு.

அதே அருங்காட்சியகத்தில் பணிபுரிந்த ழான் பப்தீஸ்த் லாமார்க் இதற்கு ஒரு பதில் வைத்திருந்தார். எகிப்தின் தட்பவெப்பம் அன்றைக்கு இருந்தது போலவே இன்றும் இருக்கிறது. பறவையின் வாழ்க்கையும் அப்படியே இருக்கிறது. தேவை மாறாதபோது பறவை எதற்காக மாற வேண்டும்? பூமியின் வயதுக்கு முன்னால் மூவாயிரம் ஆண்டு ஒரு பொருட்டா?

டார்வின் எழுதத் தொடங்குவதற்கு வெகு முன்பே நடந்த இந்த வாக்குவாதத்தை நான் மிகவும் மதிக்கிறேன். பரிணாமம் உண்டா என்ற கேள்வியை வேதநூலை விரித்து வைத்துக்கொண்டு கேட்காமல், எலும்பை அளந்து கேட்டார்கள். ஆனால் லாமார்க்கின் பதிலுக்குள் யாரும் அப்போது சோதிக்காத ஓர் எண்ணம் இருந்தது. தேவை முதலில் வருகிறது, அதற்கேற்ற மாற்றம் பின்னால் வருகிறது என்ற எண்ணம். அடுத்த நூற்றைம்பது ஆண்டுப் பரிணாமச் சண்டையின் மையமே அதுதான்.

பாடப்புத்தகங்களில் லாமார்க் ஒட்டகச்சிவிங்கியோடு முடிந்துவிடுகிறார். எட்டி எட்டி இலை தின்றதால் கழுத்து நீண்டது, நீண்ட கழுத்து குட்டிக்கும் வந்தது, அவ்வளவுதான். அவருடைய நூலில் ஒட்டகச்சிவிங்கி சில வரிகளுக்கு மேல் இல்லை. இளமையில் போர்வீரராக இருந்து, பிறகு தாவரவியலில் பெயர் வாங்கி, ஐம்பது வயதை நெருங்கும்போது அருங்காட்சியகத்தில் யாரும் சீந்தாத பூச்சிகள், புழுக்கள் பிரிவுக்கு வந்தவர் அவர். முதுகெலும்பற்றவை என்று நாம் இன்று சொல்லும் பிரிவுக்குப் பெயர் கொடுத்தவரும் அவரே. புதைபடிவமாகக் கிடைத்த கிளிஞ்சல்களையும் இன்றைய கிளிஞ்சல்களையும் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கும்போது, ஓர் இனம் எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று கோடு கிழிக்க அவரால் முடியவில்லை. 1809இல் வெளிவந்த அவரது நூல் இந்த அனுபவத்திலிருந்து பிறந்தது. சூழல் மாறினால் தேவை மாறும், தேவை மாறினால் பழக்கம் மாறும், பழக்கத்துக்கேற்ப உறுப்பு வளரும் அல்லது தேயும், அந்த வளர்ச்சியும் தேய்வும் சந்ததிக்குப் போகும் என்றார். பெற்றோர் வாழ்நாளில் ஈட்டியது பிள்ளைக்குப் போகும் என்பது அவருடைய கண்டுபிடிப்பு அல்ல. அன்றைக்குக் கிட்டத்தட்ட எல்லாருமே அப்படித்தான் நம்பினார்கள். கடைசிக் காலத்தில் பார்வை இழந்து, மகள்களின் பராமரிப்பில் இருந்து, 1829இல் இறந்தார். அவருக்காகக் கூவியே எழுதிய இரங்கலுரை அவருடைய கொள்கையை நகைப்புக்கிடமாக்குவதிலேயே குறியாக இருந்தது.

கூவியேவைக் குறைத்து மதிப்பிடவும் கூடாது. யானை, மாமத் எலும்புகளை ஒப்பிட்டு, பூமியில் வாழ்ந்த இனங்கள் அடியோடு அற்றுப்போனதுண்டு என்று 1796இல் நிறுவியவர் அவர். லாமார்க் அதை ஏற்கத் தயங்கினார். ஆக, பரிணாமத்தை மறுத்தவரே அதற்கு வேண்டிய பெரிய சான்றையும் கொடுத்துவிட்டுப் போனார். ழொஃப்ருவா, சூழலே கருவை நேரடியாக மாற்றுகிறது என்றார். இங்கிலாந்தில் 1844இல் ராபர்ட் சேம்பர்ஸ் தன் பெயரை மறைத்து வெளியிட்ட ஒரு நூல், உயிர்கள் ஒரு வளர்ச்சி விதிப்படி தாமாகவே மேலே ஏறுகின்றன என்று சொல்லிப் பரபரப்பாக விற்றது. எல்லாருடைய கதையிலும் மாற்றத்துக்கு ஒரு திசை முன்கூட்டியே இருந்தது.

1858இல் அந்தத் திசையை இரண்டு பேர் எடுத்துவிட்டார்கள். கிழக்கிந்தியத் தீவுகளில் பூச்சியும் பறவையும் சேகரித்துக்கொண்டிருந்த ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ், டெர்னாட்டே தீவிலிருந்து டார்வினுக்கு ஒரு கட்டுரை அனுப்பினார். டார்வின் இருபது ஆண்டுகளாக மேசையில் வைத்துத் தயங்கிக்கொண்டிருந்த அதே எண்ணம் அதில் இருந்தது. ஜூலை 1 அன்று லண்டன் லின்னேயன் சங்கத்தில் இருவர் எழுத்தும் சேர்த்தே வாசிக்கப்பட்டன. வாலஸ் தன் கட்டுரையில் ஒட்டகச்சிவிங்கியையே எடுத்துக்கொண்டார். அது ஆசைப்பட்டுக் கழுத்தை நீட்டவில்லை. கூட்டத்தில் கழுத்து சற்று நீளமாகவே பிறந்தவை ஏற்கெனவே இருந்தன. இரை குறைந்த காலத்தில் அவை பிழைத்தன. மாற்றம் முதலில். தேவை பிறகு வந்து, இருப்பவற்றில் எது எஞ்சும் என்று தீர்மானிக்கிறது.

அடுத்த ஆண்டு வெளிவந்த டார்வினின் நூலில் இரண்டு வாதங்கள் பின்னிக் கிடக்கின்றன. உயிர்கள் பொது மூதாதையரிலிருந்து கிளைத்தவை என்பது ஒன்று. அதற்குச் சான்று குவித்திருந்தார். தீவு உயிரினங்கள் பக்கத்துக் கண்டத்து உயிரினங்களையே ஒத்திருப்பது, கருவில் தோன்றி மறையும் உறுப்புகள், பயனற்றுத் தேய்ந்த எலும்புகள் என்று அடுக்கினார். கிளைக்க வைத்தது இயற்கைத் தேர்வு என்பது மற்றொன்று. இதற்குப் புறா வளர்ப்பவர்கள் விதவிதமான புறாக்களை உருவாக்கியதைக் காட்டினார். தானும் வீட்டில் புறா வளர்த்தார். ஆனால் இயற்கையில் தேர்வு நடந்ததைக் கண்ணால் பார்த்த ஓர் உதாரணம்கூட அவரிடம் இல்லை. வேகமாக ஓடும் ஓநாய்கள் பிழைப்பதைக் காட்ட வந்த இடத்தில், இது கற்பனை உதாரணம் என்று அவரே வெளிப்படையாக எழுதிவிட்டார். அந்த நேர்மை எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. அவரைப் படித்தவர்கள் முதல் வாதத்தை விரைவில் ஏற்றதும், இரண்டாவதில் சந்தேகப்பட்டதும் இதனால்தான்.

சந்தேகப்பட்டவர்கள் அசடுகள் அல்லர். 1867இல் ஃப்ளீமிங் ஜென்கின் என்ற பொறியாளர் ஒரு கணக்கோடு வந்தார். அவர் சொன்ன உதாரணம் அக்காலத்து இனவெறி கலந்தது. கணக்கை மட்டும் எடுத்துக்கொள்வோம். தாயின் தன்மையும் தந்தையின் தன்மையும் பிள்ளையிடம் கலந்துவிடுகின்றன என்றே அன்று எல்லாரும் நினைத்தார்கள். அப்படியானால் ஒரு விலங்கிடம் தோன்றும் நல்ல மாற்றம், குடம் பாலில் விட்ட ஒரு சொட்டு டிகாஷனைப் போல நாலைந்து தலைமுறையில் கரைந்து காணாமல் போகும். தேர்ந்தெடுக்க என்ன மிஞ்சும்? இன்னொரு பக்கம், பிற்காலத்தில் கெல்வின் பிரபு என்று அறியப்பட்ட வில்லியம் தாம்சன், பூமி குளிர்ந்த வேகத்தைக் கணக்கிட்டு, அதன் வயது டார்வினுக்கு வேண்டியதைவிட மிகக் குறைவு என்றார். பாறைக்குள் கதிரியக்கம் என்றொரு வெப்ப ஊற்று இருப்பது அப்போது யாருக்கும் தெரியாது.

டார்வின் பின்வாங்கினார். உறுப்பைப் பயன்படுத்துவதும் பயன்படுத்தாமல் விடுவதும் சந்ததிக்குப் போகும் என்பதற்கு அடுத்தடுத்த பதிப்புகளில் கூடுதல் இடம் கொடுத்தார். 1868இல், உடலின் ஒவ்வொரு பகுதியும் நுண்துகள்களை வெளியிடும், அவை இனப்பெருக்க உறுப்புகளில் சேர்ந்து பிள்ளைக்குப் போகும் என்று ஒரு கருதுகோளையும் முன்வைத்தார். அவருடைய உறவினர் ஃபிரான்சிஸ் கால்ட்டன் அதைச் சோதிக்க, வேறு நிற முயல்களின் ரத்தத்தை வெள்ளிச் சாம்பல் நிற முயல்களுக்கு ஏற்றி அவற்றை இனப்பெருக்கம் செய்யவிட்டார். குட்டிகளின் நிறத்தில் எந்த மாற்றமும் இல்லை. ரத்தத்தில் துகள் ஓடும் என்று நான் எங்கே சொன்னேன் என்று டார்வின் கேட்டார். இயற்கைத் தேர்வைக் கண்டுபிடித்தவரே பாதி லாமார்க் ஆகிவிட்ட காலம் அது. ஜென்கினுக்கான விடை 1866லேயே அச்சாகியிருந்தது. தன்மைகள் பாலும் டிகாஷனுமாகக் கலப்பதில்லை, தனித்தனி அலகுகளாகவே இறங்குகின்றன என்று கிரிகோர் மெண்டல் பட்டாணிச் செடிகளை எண்ணிக் காட்டியிருந்தார். 1900 வரை அதைப் பொருட்படுத்தியவர் அநேகமாக யாருமில்லை.

1880களில் ஜெர்மானியரான ஆகஸ்ட் வைஸ்மன் எலிகளின் வாலை வெட்டினார். ஐந்து தலைமுறை, 901 குட்டிகள். ஒன்றுகூடக் குட்டை வாலோடு பிறக்கவில்லை. லாமார்க்கை வீழ்த்திய சோதனையாக இதைக் காட்டுவது வழக்கம்; எனக்கு உடன்பாடில்லை. வாலை இழக்க எலிக்கு என்ன தேவை இருந்தது? காயங்களும் சந்ததிக்குப் போகும் என்று நம்பியவர்களுக்குத்தான் அது பதில். லாமார்க் சொன்னது வேறு. அதைச் சோதிக்க இன்னும் அரை நூற்றாண்டு ஆயிற்று.

1900 வாக்கில் இயற்கைத் தேர்வு செத்துவிட்டது என்று எழுதியவர்கள் பலர். உயிரினங்கள் உள்விசையால் ஒரே திசையில் ஓடி, அளவு மீறிப்போய் அழிகின்றன என்ற கொள்கைக்கு அயர்லாந்து ராட்சத மான் உதாரணமாயிற்று. அதன் கொம்புகள் மூன்றரை மீட்டர் அகலத்துக்கு விரியும். அந்தச் சுமையே அதைக் கொன்றது என்றார்கள். புது இனங்கள் ஒரே தாவலில் பிறக்கின்றன என்றார் ஹாலந்தின் ஹியூகோ டி விரீஸ். இந்தக் கூச்சலுக்கு நடுவே சிலர் எண்ணத் தொடங்கியிருந்தார்கள். 1898 பிப்ரவரியில் அமெரிக்காவின் ராட் ஐலண்டில் கடும் பனிப்புயல் அடித்து, சிட்டுக்குருவிகள் தரையில் விழுந்து கிடந்தன. அவற்றில் 136 பறவைகள் ஹெர்மன் பம்ப்பஸின் ஆய்வகத்துக்கு வந்து சேர்ந்தன. 72 பிழைத்தன, 64 இறந்தன. பிழைத்தது, இறந்தது இரண்டையும் அளந்து, எல்லா அளவுகளையும் அப்படியே அச்சிட்டார். அளவில் மிகவும் விலகியவையே அதிகம் மடிந்திருந்தன. ஒரு நூற்றாண்டு கழிந்தும் அந்தப் பட்டியலைப் புதிய புள்ளியியல் முறைகளால் அலசிக்கொண்டிருக்கிறார்கள்.

1848இல் மான்செஸ்டர் அருகே ஒரு கருநிற அந்துப்பூச்சி பிடிபட்டது. அந்த இனத்தின் சிறகு வழக்கமாக வெளிறியது, கரும்புள்ளிகள் இறைந்தது. 1895 வாக்கில் அப்பகுதிப் பூச்சிகளில் 98 சதவீதம் கறுப்பு. ஆலைப்புகை படிந்த மரப்பட்டையில் வெளிறிய பூச்சி பறவையின் கண்ணுக்குத் தப்பாது. 1924இல் ஜே.பி.எஸ். ஹால்டேன், இவ்வளவு விரைவாக நிறம் மாற வேண்டுமானால் கரும்பூச்சி சந்ததி விடும் வாய்ப்பு ஒன்றரை மடங்காவது இருந்திருக்க வேண்டும் என்று கணக்கிட்டார். (இந்த ஹால்டேன்தான் 1957இல் கல்கத்தாவுக்கு வந்து, இந்தியக் குடிமகனாகி, புவனேஸ்வரத்தில் இறந்தவர்.) 1950களில் பெர்னார்டு கெட்டில்வெல் காட்டில் பூச்சிகளை விட்டுப் பறவைகள் தின்பதைப் பதிவு செய்தார். அவர் முறையில் குறைகள் இருந்தன. விமர்சனங்களைக் கேட்ட மைக்கேல் மஜெரஸ் 2001 முதல் 2007 வரை கேம்பிரிட்ஜில் 4,864 பூச்சிகளை வைத்து அதே சோதனையைச் செம்மையாகச் செய்தார். காற்று தூய்மையாகிவிட்ட காலத்தில் பறவைகளிடம் அதிகம் சிக்கியவை கரும்பூச்சிகளே. கறுப்புக்குக் காரணமான மரபணு மாற்றம் 2016இல் அடையாளம் காணப்பட்டது. பிரிட்டனின் கரும்பூச்சிகள் ஏறத்தாழ எல்லாவற்றிலும் அதே இடத்தில் அதே டி.என்.ஏ. துண்டு செருகியிருந்தது. ஒரே ஒரு மூதாதையில், ஒரே ஒரு முறை நிகழ்ந்த மாற்றம். புகை படிந்த ஊர்களில் தேவை கறுப்பை வரவழைத்திருந்தால், அது ஊருக்கு ஊர் தனித்தனியாகப் பிறந்திருக்க வேண்டும்.

ஆனாலும் தேவையா, மாற்றமா என்ற கேள்விக்குத் தெளிவான தீர்ப்பு வந்தது 1943இல். சால்வடோர் லூரியா இத்தாலியின் டூரின் நகரத்து யூதர். பாசிசத்துக்குத் தப்பி அமெரிக்காவுக்கு வந்தவர். இந்தியானா பல்கலைக்கழகத்தில் இருந்தார். பாக்டீரியாக்கள் மீது அவற்றைக் கொல்லும் வைரசை ஊற்றினால், கோடிக்கணக்கானவை செத்து, ஒருசில மட்டும் தப்பி வளரும். அந்தச் சில எப்படித் தப்பின? வைரஸ் தொட்டதும் அதைத் தாங்கும் திறனைப் பெற்றனவா? வைரஸ் வருவதற்கு முன்பே தற்செயலாக மாறியிருந்தனவா? இரண்டு வழியிலும் கடைசியில் தெரிவது ஒரே காட்சி. எப்படிப் பிரித்தறிவது?

ஒரு நடன விருந்தில் சக பேராசிரியர் ஒருவர் நாணயம் போட்டு ஆடும் சூதாட்ட இயந்திரத்தில் காசை விட்டுக்கொண்டிருப்பதை லூரியா பார்த்தார். பல ஆட்டத்தில் ஒன்றும் கிடைக்காது. திடீரென்று ஒருமுறை கொட்டும். அதைப் பார்த்த கணத்தில் சோதனை மனதில் உருவாகிவிட்டது. மிகச் சில பாக்டீரியாக்களோடு தொடங்கி, தனித்தனிக் குழாய்களில் அவற்றைப் பெருகவிட வேண்டும். பிறகு ஒவ்வொரு குழாயையும் வைரசோடு சேர்த்துத் தட்டில் ஊற்றி, பிழைத்தவற்றை எண்ண வேண்டும். வைரஸ்தான் மாற்றத்தை உண்டாக்குகிறது என்றால், எல்லாக் குழாயிலும் ஏறக்குறைய சமமான பாக்டீரியாக்கள் இருப்பதால், பிழைத்தவையும் ஏறக்குறைய சமமாகவே இருக்கும். மாற்றம் முன்பே, பெருகும்போதே நேர்கிறது என்றால் நிலைமை வேறு. ஒரு குழாயில் அது தொடக்கத்திலேயே நேர்ந்திருந்தால் அந்த ஒன்று இரண்டாகி, நாலாகி, நூறாகியிருக்கும். இன்னொன்றில் கடைசி நேரத்தில் நேர்ந்திருந்தால் ஒன்றோ இரண்டோதான். பலவற்றில் நேர்ந்தே இருக்காது.

இருபது குழாய்கள் கொண்ட ஒரு சோதனையில் கிடைத்த எண்கள் இவை: 1, 0, 3, 0, 0, 5, 0, 5, 0, 6, 107, 0, 0, 0, 1, 0, 0, 64, 0, 35. பதினொரு குழாய்களில் ஒன்றுமில்லை; ஒன்றில் 107. எண்களை மட்டும் பார்த்தே விடை சொல்லிவிடலாம். இயற்பியலிலிருந்து உயிரியலுக்கு வந்த மேக்ஸ் டெல்ப்ரூக் கணிதத்தை எழுத, இருவரும் சேர்ந்து வெளியிட்டார்கள். 1952இல் ஜோஷுவா, எஸ்தர் லெடர்பெர்க் தம்பதியர் வெல்வெட் துணியால் பாக்டீரியாத் தட்டை ஒற்றி நகலெடுத்து, மருந்தையோ வைரசையோ ஒருபோதும் தொடாத உடன்பிறப்புச் செல்களிலேயே தாங்கும் திறன் இருப்பதைக் கையில் எடுத்துக் காட்டினார்கள். ஆன்டிபயாடிக் மாத்திரையை மருத்துவர் சொன்ன அளவுக்கு மேல், தேவையில்லாத காய்ச்சலுக்கெல்லாம் விழுங்கும்போது நாம் செய்வதும் இதுதான்: ஏற்கெனவே மாறியிருக்கும் ஒருசிலவற்றுக்கு இடத்தைக் காலிசெய்து கொடுக்கிறோம்.

லூரியாவின் கட்டுரை வந்த அதே 1943இல், ஜனவரி மாதம், சோவியத் தாவரவியலாளர் நிக்கலாய் வாவிலோவ் சரதோவ் சிறையில் இறந்தார். உலகெங்கும் பயிர் விதைகளைத் தேடித் திரட்டியவர் அவர். பயிரைப் பழக்கினால் அந்தப் பழக்கம் விதைக்கு இறங்கும் என்று சொல்லி அரசின் நம்பிக்கையைப் பெற்ற ட்ரோஃபிம் லைசென்கோவை எதிர்த்து நின்றார். 1948இல் மரபியலே அந்நாட்டில் தடைசெய்யப்பட்டது. லாமார்க் செய்த தவறு ஆராய்ச்சியில் நேரும் தவறு. அதற்காக அவரை யாரும் வெறுக்க வேண்டியதில்லை. விடை தெரிந்த பிறகும் அதைச் சிறையில் அடைத்தவர்களை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை.

பறவைகளிலும் இந்த வரிசையைப் பார்க்க முடியுமா? பீட்டர் கிரான்ட், ரோஸ்மேரி கிரான்ட் தம்பதியர் 1973 முதல் கலாபகஸ் தீவுக்கூட்டத்தின் டாஃப்னி மேஜர் என்ற குட்டித்தீவில் குருவிகளுக்கு வளையமிட்டு, அலகை அளந்து வந்தார்கள். 1977இல் மழை பொய்த்தது. மென்மையான சிறுவிதைகள் தீர்ந்துபோய், நம் ஊர் நெருஞ்சியின் உறவான ஒரு செடியின் முள்காய்களே மிஞ்சின. அவற்றை உடைக்கத் தடித்த அலகு வேண்டும். நடுத்தரத் தரைக்குருவிகளில் பெரும்பாலானவை மடிந்தன. தப்பியவற்றின் சராசரி அலகு சுமார் அரை மில்லிமீட்டர் தடித்திருந்தது. அடுத்த தலைமுறையும் தடித்த அலகோடு பிறந்தது. பஞ்சத்துக்கு முன்பே பறவைகளை அளந்து வைத்திருந்ததுதான் இங்கே முக்கியம். எந்தக் குருவிக்கும் பசியால் அலகு வளரவில்லை. தடித்த அலகு முன்பே இருந்தவை பிழைத்தன. 1983இல் எல் நினோ பெருமழை கொட்டிச் சிறுவிதைகள் பெருகியதும், அடுத்த சில ஆண்டுகளில் தேர்வு எதிர்ப்பக்கம் திரும்பியது. உள்விசை, ஒரே திசை என்ற கொள்கைக்கு அங்கே வேலையே இல்லை.

மனிதரிடமும் இந்த வரிசை உண்டு. மலேரியா மிகுந்த இடங்களில் சில ரத்த நோய்கள் ஏன் நிலைத்திருக்கின்றன என்று ஹால்டேன் 1949இல் கேட்டார். 1952இல் ஹெர்மன் லேமனும் மேரி கட்புஷும் நீலகிரிப் பழங்குடியினரிடம் அரிவாள் செல் மரபணு இருப்பதைக் கண்டார்கள். இந்தியாவில் அது முதலில் பதிவானது அங்கேதான். இரண்டே ஆண்டில் அந்தோணி ஆலிசன் கிழக்கு ஆப்பிரிக்காவில் விடையைக் கண்டார். அந்த மரபணு பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் கொடிய மலேரியாவிலிருந்து பாதுகாப்பு கிடைக்கிறது. இருவரிடமிருந்தும் வந்தால் ரத்தசோகையும் தாங்க முடியாத வலியும். கூடலூர், பந்தலூர் பக்கத்துக் குடும்பங்களில் இன்றும் அந்த வலி உண்டு. தேவை உணர்ந்து உடல் தனக்கு வேண்டியதைச் செய்துகொள்ளுமானால், இவ்வளவு கொடுமையான ஏற்பாட்டைச் செய்யுமா? கையில் கிடைத்த ஒரு மாற்றம், கொசுவுக்கு நடுவே கூட்டிக் கழித்தால் லாபமாக இருந்தது, அதனால் நிலைத்தது.

தேவைக்குப் பின் மாற்றம் வரும் ஓர் இடமும் இருக்கிறது. பாலைத் தயிராக்கும் ஒருவகை பாக்டீரியாவை வைரஸ் தாக்கும்போது, மிகச் சில செல்கள் அந்த வைரசின் டி.என்.ஏ.யிலிருந்தே ஒரு துண்டை வெட்டித் தம் மரபுப்பொருளில் செருகிக்கொள்கின்றன. அடுத்த முறை அதே வைரஸ் வந்தால் அடையாளம் கண்டு வெட்டிவிடும்; அந்தத் துண்டு சந்ததிக்கும் போகிறது. 2007இல் சோதனையில் காட்டப்பட்ட இந்த ஏற்பாட்டின் பெயர் கிரிஸ்பர். வாழ்நாளில் ஈட்டியது பிள்ளைக்குப் போகிறது என்று லாமார்க் சொன்னதற்கு இதைவிட நெருக்கமாக எதுவும் கிடைத்ததில்லை. ஆனால் வைரசின் எந்தத் துண்டு சிக்கும் என்பது பெரும்பாலும் தற்செயல். துண்டு சிக்காத செல்கள் கூட்டம் கூட்டமாகச் சாகின்றன. வெட்டிச் செருகும் நொதிகள் முன் தலைமுறைகளில் தேர்வால் உருவாகி, வைரஸ் வரும் முன்பே செல்லுக்குள் இருக்கின்றன.